கோடு பார்த்தால் வயது தெரியும்

சிங்கப்பூரில் ஓர் ஏல நிறுவனத்தில் பழைய ஆயுதங்களுக்கு விவரக்குறிப்பு எழுதும் வேலையில் இருந்தேன். ஒருநாள் தெற்கு பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களான மோரோக்களின் கிரிஸ் வாள் ஒன்று வந்தது. கைப்பிடியில் பழுப்பேறிய சீட்டு கட்டியிருந்தது: ‘ஹோலோ, 1906’. ஹோலோ அங்கே சுலு தீவுக்கூட்டத்தில் இருக்கும் ஊர். சரி, வேலை சுலபம் என்று நினைத்து, ‘சுலு தீவு, 1906’ என்று எழுதிவிட்டேன்.

எங்களோடு வயதான மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். ‘அபாங்’ என்றுதான் கூப்பிடுவோம். என் குறிப்பைப் படித்தவர் வாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "சீட்டை விடு தம்பி, கோட்டைப் பார்" என்றார்.

கைப்பிடிக்குக் கீழே அலகு ஒரு பக்கம் அகன்று கைக்காப்பு போல நிற்கும். அந்தப் பகுதிக்குக் காங்யா என்று பெயர். பழைய வாள்களில் அதைத் தனியாக அடித்துப் பொருத்தியிருப்பார்கள். பொருத்திய கோடு நேராக ஓடினால் பழசு. கடைசியில் சட்டென்று 45 பாகை அளவுக்குச் சாய்ந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதற்கும் பிந்திய வாள்களில் காங்யாவும் அலகும் ஒரே இரும்பு, கோடு மட்டும் பேருக்குக் கீறியிருக்கும். எங்கள் வாளில் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓடியது. மயிரிழை இடைவெளியில் கறுப்பாகத் துரு. 1906இல் அது புது வாளாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அப்புறம் உறையைக் கையில் எடுத்தார். வாய்ப்பகுதியில் முத்துச்சிப்பி பதித்திருந்தது. பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அலங்காரம் அது. 1906இலேயே ஊரைவிட்டுப் போன வாளுக்கு இந்த உறை எப்படி வந்தது? யாரோ வியாபாரி பின்னாளில் ஜோடி சேர்த்திருக்கிறார். கைப்பிடிகளும் இப்படித்தான், உடைந்தால் மாற்றிவிடுவார்கள். அதனால்தான் கைப்பிடியை மட்டும் பார்த்து ஊர் சொல்ல நான் இன்றும் தயங்குவேன். இலை வடிவ பாரோங் வாள் என்றால் சுலு பக்கம் என்று தைரியமாகச் சொல்லலாம். கிரிஸ் அப்படியில்லை. மகிந்தனாவ், மரனாவ், தௌசுக் என்ற மூன்று மோரோ இனத்தாரும் செய்தது.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து 1906 மார்ச்சைப் பற்றிப் படித்தேன். ஹோலோவுக்கு அருகே புட் டாஜோ எரிமலை உச்சியில் ஒதுங்கியிருந்த மோரோக்களை அமெரிக்கப் படை தாக்கியது. பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். போர்ச் சின்னமாக எத்தனையோ வாள்கள் அமெரிக்க வீடுகளுக்குப் போயின. இந்த வாள் அந்த மலையிலிருந்து வந்ததா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனாலும் என்னால் அந்தச் சீட்டை வெறும் தேதியாகப் பார்க்க முடியவில்லை. அது வாள் பிறந்த ஆண்டு இல்லை, யாரோ ஒருவர் கையைவிட்டுப் போன ஆண்டு.

மறுநாள் குறிப்பை அடித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். அலகுக்கு ஒரு காலம், உறைக்கு வேறு காலம், சீட்டுக்குத் தனி வரி. படம் எடுக்க வந்தவர் சீட்டு அசிங்கமாக இருக்கிறது, கழற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, முடிச்சு தெரியும்படி வாளைத் திருப்பி வைத்தேன்.