சும்மா கலாய்ச்சோம்பா

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடம் கேட் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு கன்டெய்னர் நம்பர் எழுதுகிற வேலை. நான்கு எழுத்து, ஏழு எண். கடைசி எண், முன்னால் இருப்பவற்றை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஒன்றைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டரே ஏற்காது. அதனால் யார்டில் நிற்கிற பையன் வாக்கிடாக்கியில் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பேன்.

வியாசர்பாடியிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்தான். திக்குவாய். எழுத்தெல்லாம் ஓடிவிடும், 'மூணு' வந்தால் மட்டும் மாட்டிக்கொள்ளும். ம... ம... என்று அவன் நிற்கும்போது அதே சேனலில் இருக்கும் கிரேன்காரர், சர்வேயர், செக்யூரிட்டி எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நாளே 'ரிப்பீட்டு' என்று பெயர் விழுந்தது. அவன் ஒரு 'ம' சொன்னால் சேனலில் நான்கு 'ம' திரும்பி வரும். நானும் சிரித்தேன். நகைக்கு நான்கு காரணம் சொன்ன தொல்காப்பியர் எள்ளலைத்தான் முதலில் வைத்தார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன்தான் நான்.

ஒரு மாதம் போயிருக்கும். டீக் கடையில் வைத்து, "பேஜாரா கீதுணா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வடசென்னையில் அடுத்தவனைச் சீண்டுவதற்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. கலாய்ப்பது, ஓட்டுவது, நக்கல், கிண்டல், உதார், சலம்பல். எல்லாமே செய்கிறவன் பக்கத்து வார்த்தைகள். ஓட்டுவதில் ஓடுகிற ஒருவன் இருக்கிறான், ஆனால் அவனுக்கு என்று ஒரு சொல் கிடையாது. மழை பெய்தாலும் பேஜார், பஸ் வராவிட்டாலும் பேஜார், இதற்கும் அதே பேஜார். கேட்டால் எதிர்ப்பக்கம் ரெடியாக ஒரு பதில் இருக்கும்: சும்மா கலாய்ச்சோம்பா, டென்ஷன் ஆவாத.

மேனேஜரிடம் போனோம். "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. 'கேலி செய்கிறார்கள்' என்று எழுதினால் ஐந்தாம் வகுப்புப் பையன் டீச்சரிடம் சொல்வது போல இருந்தது. 'கொடுமைப்படுத்துகிறார்கள்' என்றால் அடித்தார்களா என்று கேட்பார். 'மன உளைச்சல்' லீவு லெட்டரிலேயே தேய்ந்துபோன சொல்.

எங்கள் ஃபோர்க்லிஃப்ட்காரர் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து ரயிலில் வருகிறவர், இலங்கைக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கட பக்கம் இதைப் பகிடிவதை எண்டு சொல்லுவினம்" என்றார். அங்கே ராகிங்குக்கு அதுதான் பெயராம். பகிடி என்றால் கேலி. பகிடி, வதை. செய்கிறவனுக்கு ஒன்று, படுகிறவனுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்களே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ராகிங் என்றதும் சட்டம் ஞாபகம் வந்தது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கேலியும் விளையாட்டுச் சீண்டலும்கூட அதில் ராகிங்தான், இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் அது மாணவர்களுக்கு. 2013-இல் வந்த பணியிடச் சட்டம் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லைக்கு. எங்கள் பையன் இரண்டிலும் அடங்கவில்லை.

சரி, பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எந்த ஷிஃப்ட், எத்தனை மணி, சேனலில் யார் குரல், என்ன சொன்னார்கள், அன்றைக்கு அது எத்தனையாவது தடவை என்று மட்டும் ஒரு வாரத்துக்குக் குறித்தேன். இரண்டு பக்கம் வந்தது. அதில் ஒரு இடத்தில் என் சிரிப்பையும் எழுத வேண்டியிருந்தது. மேனேஜர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாளிலிருந்து சேனலில் நம்பர் தவிர வேறு பேச்சு கூடாது என்றார். சேனல் அடங்கியது. யார்டு அடங்கவில்லை.

அப்புறம் ஒரு நைட் ஷிஃப்ட். சர்வேயர் கேட்டைத் தாண்டிப் போகிறபோது, "இன்னா ரிப்பீட்டு, சாப்ட்டியா?" என்றார். பையன் நின்றான். அவரை நேராகப் பார்த்து, "இ... இ... இன்னொரு தபா சொல்லுங்கணா" என்றான். சொல்லி முடிக்க நேரம் ஆனது. அவன் முடிக்கிறவரை அவரும் நிற்க வேண்டியிருந்தது.

"சாப்ட்டியான்னு கேட்டேன்பா" என்றார். பெயரை விட்டுவிட்டார்.

"ஆச்சுணா" என்றுவிட்டு அடுத்த டிரெய்லரின் நம்பரைப் படிக்க ஆரம்பித்தான். நான்காவது எண் மூன்று. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.