டாக்டர் என்னைத்தான் கேட்டார்

மாமியாருக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது என்று மருமகள் சொன்னால், வீட்டில் யாருக்கும் அது நோயின் அறிகுறியாகக் காதில் விழாது. புகாராகத்தான் விழும். "அம்மாவுக்கு 72 வயதாகிறது, வேறு எப்படி இருப்பார்கள்?" என்றார் என் கணவர். "என்னிடம் போனில் நன்றாகத்தானே பேசுகிறார்கள்" என்றார் சென்னையில் இருக்கும் நாத்தனார். அவர் சொன்னது பொய்யில்லை. நலம் விசாரித்து, பேரன் படிப்பைக் கேட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சொல்ல அத்தைக்கு இன்றைக்கும் தடுமாற்றம் கிடையாது. போனை வைத்த கையோடு, "இன்றைக்கு உன் நாத்தனார் பேசவே இல்லையே" என்று என்னிடம் கேட்பார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கும்பகோணத்தில் முதலில் பார்த்த டாக்டர், வயதானால் இப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அத்தை பல வருடங்களாகத் தெருப் பெண்களைச் சேர்த்து ஏலச்சீட்டு நடத்தியவர். நோட்டைப் பார்க்காமலேயே யார் எந்த மாதம் எடுத்தார், எவ்வளவு தள்ளு போனது என்று சொல்வார். அந்தச் சீட்டை ஒரு நாள் "அலுப்பாக இருக்கிறது" என்று நிறுத்திவிட்டார். இது சத்துக் குறைவு இல்லை என்று எனக்குப் பட்டது. கணவரிடம் மல்லுக்கட்டி, தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போனோம்.

அவர் அத்தையிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பரிசோதனைக்கென்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். பிறகு எங்களிடம் திரும்பி, "போன வருடம் அவர்களே செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது நீங்கள் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை" என்றார் கணவர். டாக்டர் என்னைப் பார்த்தார். சர்க்கரை மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்கிறேன். பால் கணக்கை நான் பார்க்கிறேன். கேஸ் சிலிண்டருக்கு மகன் பதிவு செய்கிறான். வங்கிக்கு இவர் போகிறார். சொல்லச் சொல்ல எனக்கே திகைப்பாக இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனாலேயே யார் எதை எப்போது விட்டார் என்று தெரிவதும் இல்லை.

நினைவும் யோசனையும் கொஞ்சம் மங்கும் லேசான அறிதிறன் குறைபாடா, அன்றாட வாழ்க்கையே தடுமாறும் மறதி நோயான டிமென்ஷியாவின் தொடக்கமா என்பதைப் பரிசோதனை மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை என்றார் டாக்டர். அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடிகிறதா என்பதுதான் முக்கியமான கோடு. "முடியாததால் எடுத்துக்கொண்டீர்களா, மரியாதைக்காகவா?" என்று அடுத்துக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி அத்தையிடமே கொடுத்துவிடுங்கள், தள்ளி நின்று கவனியுங்கள் என்றார்.

பக்கத்து அறையில் நடந்தது நினைவையும் யோசிக்கும் திறனையும் சோதிக்கும் 'மோகா' என்னும் பரிசோதனை. மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. பள்ளிப் படிப்போடு நிறுத்தியவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்வார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது 93, 86, 79 என்று அத்தை மளமளவென்று இறங்கினாராம். சீட்டுக் கணக்கு போட்ட மூளை. கடிகாரம்தான் காட்டிக் கொடுத்தது. அந்தத் தாளை டாக்டர் காட்டினார். வட்டம் அழகு, எண்களும் இடம் மாறாமல் இருந்தன. பதினொன்று பத்துக்கு முள் போடச் சொன்னதற்கு, ஒரு முள்ளைப் பதினொன்றிலும் மற்றதைப் பத்திலும் வைத்திருந்தார். பெரிய முள் இரண்டில் நிற்க வேண்டும். முன்னால் சொன்ன ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டதில் ஒன்றுதான் தானாக வந்தது. குறிப்பு கொடுத்ததும் இன்னும் இரண்டு வந்தன. குறிப்பு கொடுத்தால் வருவது நல்லது, உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். குறிப்புக்கும் வராதவைதான் கவலை என்றார். மொத்தம் 22.

அதற்குப் பிறகும் உடனே பெயர் வைத்துவிடவில்லை. மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. வைட்டமின் பி12 குறைவு. அத்தை சுத்த சைவம்; போதாததற்குச் சர்க்கரைக்காகப் பல வருடங்களாக மெட்பார்மின் சாப்பிடுகிறார், அதுவும் பி12-ஐக் குறைக்கும். ஊசி போட்டார்கள். மனச்சோர்வுக்குத் தனியாகக் கேள்விகள் கேட்டார்கள். காது பரிசோதனையில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், மூளையில் நினைவைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸ் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ரத்த அழுத்தத்தால் வந்த வெண்புள்ளிகளும் இருந்தன.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. அடியில் கிடந்தது, அரிப்புக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் இரவில் போட்டுக்கொண்ட குளோர்பெனிரமைன். நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்னும் மூளை ரசாயனத்தின் வேலையை அது தடுக்கும், வயதானவர்களுக்கு ஆகாது. அன்றே நிறுத்தினார்.

மாத்திரைப் பெட்டியை அத்தை ஓரிரு முறை தவறவிட்டாலும் ஒழுங்காகவே கையாண்டார். ஆகவே டிமென்ஷியா இல்லை, லேசான குறைபாடுதான் என்று முடிவானது. டிமென்ஷியாவுக்குக் கொடுக்கும் டோனெபெசில் போன்ற மாத்திரை, இந்தக் கட்டத்தில் கொடுத்தால் பின்னால் டிமென்ஷியா வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி அதை எழுதவில்லை. இந்த லேசான குறைபாட்டோடு மறதிக்கான சிறப்பு மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் வருடத்துக்கு 10 முதல் 15 சதவீதம் பேர் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு என்றார். ரத்த அழுத்தம், சர்க்கரை, நடை, காது ஆகிய நான்கையும் விடக்கூடாது என்றார்.

சட்ட விஷயத்தை டாக்டர் சொல்லவில்லை, பக்கத்துத் தெரு வக்கீல் சொன்னார். வீடு அத்தை பெயரில் இருக்கிறது. பவர் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று கணவர் நினைத்தார். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவரின் மனநிலை பிறழ்ந்துவிட்டால் பவர் முடிந்துபோகும். அதாவது எந்த நாளுக்கென்று வாங்கி வைக்கிறோமோ அந்த நாளில் அது செல்லாது! வீடு யாருக்கு என்பதைத் தெளிவாக இருக்கும்போதே உயிலாக எழுதிவிடுவதுதான் வழி என்றார் வக்கீல். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. நாங்கள் டாக்டரின் சான்றிதழோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே வைத்தோம்.

"எனக்குப் புத்தி போய்விட்டது என்று எழுதி வாங்கினீர்களா?" என்றார் அத்தை. "புத்தி இருக்கிறது என்றுதான் வாங்கியிருக்கிறோம்" என்று சான்றிதழைப் படித்துக் காட்டினேன். உயில் வாசகத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டாம் முறை, பத்திர எழுத்தர் சர்வே எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருப்பதைப் பிடித்தார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வேறு சொற்களை வைத்து அதே பரிசோதனையைச் செய்தார்கள். 23 வந்தது. பி12 ஊசியாலா, அரிப்பு மாத்திரையை நிறுத்தியதாலா, வெறும் ஏற்ற இறக்கமா என்று ஒரு மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நாத்தனார் லீவு போட்டு வந்து ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் "நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று சொல்வதில்லை. காது மெஷினை மட்டும் அத்தை இன்னும் அதன் பெட்டியிலிருந்து எடுக்க மாட்டேன் என்கிறார். இப்போதைய சண்டை அதற்குத்தான்.