பாக்கி கேட்கப் பழகிய கதை

2024 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் ஒரு கடையில் நாற்பது பாட்டில் பிளம்ஸ் ஜாம் இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கடை எனக்கு 47,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. இன்றைக்குக் கேட்டே தீருவது என்று வில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். கடைக்கார அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, வேற ஏதாச்சும்?" என்றார். கழுத்தில் சூடு ஏறியது. தொண்டை அடைத்தது.

"ஒண்ணுமில்லண்ணே, அடுத்த மாசம் பேரிக்காய் ஜாம் வேணுமான்னு கேக்கலாம்னு..."

அவ்வளவுதான். வெளியே வந்துவிட்டேன்.

அவர் பொல்லாதவர் இல்லை. நான் கேட்கவில்லை, அவர் கொடுக்கவில்லை. இப்படி ஐந்து கடைகளில் மொத்தம் 1,12,400 ரூபாய் நின்றிருந்தது. 2019-லிருந்து வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் ஜாம், ஸ்குவாஷ், ஊறுகாய் போடுகிறேன். நானும் உதவிக்கு இரண்டு அக்காக்களும். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு லட்சம் என்பது அடுத்த சீசனுக்கான சர்க்கரை, பாட்டில், பழம், எல்லாமே.

அந்த வருடம் மே 7-ஆம் தேதி முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் "இ-பாஸ் வந்ததுலருந்து யாவாரமே இல்லம்மா" என்பார்கள். அதில் உண்மையும் இருந்தது. என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறார், அந்தக் கஷ்டம் எங்கள் வீட்டிலும் தெரிந்தது. ஆனால் நான் அதைக் கேட்டதும் ஒரு நிம்மதியோடு திரும்பிவிடுவேன். கேட்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்த நிம்மதி. அதற்குப் பெயர் இரக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்க வேண்டிய இடத்தில் அடங்கிய குரல் வேறு இடத்தில் உயர்ந்தது.

ஜாம் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், கடைசிப் பத்து நிமிடம்தான் எல்லாமே. புத்தகங்களில் 105 டிகிரி வரை காய்ச்சச் சொல்லியிருக்கும். அது சமவெளிக் கணக்கு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். ஜாம் 98-ஐத் தொடும்போது பதம் வந்திருக்கும். 105 வரட்டும் என்று காத்திருந்தால் கருகிய கட்டிதான் மிஞ்சும். அதனால் நாங்கள் தெர்மாமீட்டரை விடக் கரண்டியைத்தான் நம்புவோம். கரண்டியைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் தகடு மாதிரி இறங்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் யாராவது ஒருவர் கைவிடாமல் கிண்டியாக வேண்டும்.

அந்த வாரம் உதவிக்கு வரும் அக்கா, யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு நிமிடம் வாசலுக்குப் போய்விட்டு வந்தார். அடிப்பிடித்துவிட்டது. நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "உங்க வீட்டுச் சட்டி தீஞ்சா இப்படித்தான் பாத்துட்டு நிப்பீங்களா?" அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டியில் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "சட்டி தீஞ்சது என் தப்புதான் தாயி. ஆனா நீ கத்துனது சட்டிக்காக இல்ல. வேற யார் மேலயோ உள்ளதக் கொண்டாந்து என் மேல கொட்டுன மாதிரி இருந்துச்சு."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதற்கு முன்பும் பல நாளாகத் தூக்கம் இல்லைதான். பன்னிரண்டு மணி வாக்கில் 14416-க்கு போன் செய்தேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கடன், வியாபாரம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் அவசரப்படாமல் கேட்டார். நேரில் ஒருவரைப் பார்த்துத் தொடர்ந்து பேசுவது நல்லது என்றார். அப்படித்தான் திண்டுக்கல்லில் ஒரு உளவியல் ஆலோசகரிடம் போக ஆரம்பித்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஏழு முறை. காலை பஸ் பிடித்து, பெருமாள்மலை, பண்ணைக்காடு பிரிவு, வத்தலக்குண்டு என்று இறங்கிப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புவேன். ஒரு நாள் வேலை கெடும். பைத்தியக்காரச் செலவு என்று வீட்டில் சொன்னவர்களும் உண்டு.

நான் வியாபார யோசனை கேட்கத்தான் போனேன். அந்த அம்மா கேட்டது வேறு. "பணம் கேக்கணும்னு வாயெடுக்குறப்போ உடம்புல எங்க தெரியுது?" கழுத்தில் சூடு, தொண்டையில் அடைப்பு என்றேன். "இதே சூடு முதல்முதலா எப்ப வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா பூம்பாறைப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டார். ஒரு வருடம் மழை எல்லாவற்றையும் அழுகடித்துவிட்டது. விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வருவார். அவர் தலை தெரிந்ததும் அம்மா என்னை வாசலுக்கு அனுப்புவாள். "அப்பா இல்லைன்னு சொல்லு." எனக்கு எட்டு வயது. அப்பா கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்பார். நான் போய்ச் சொல்வேன். அந்த மனிதர் குனிந்து பார்ப்பார். வாசல்படியில் அப்பாவின் செருப்பு கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, "சரி பாப்பா, வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு" என்று போய்விடுவார். கழுத்து சுடும். பொய் சொன்னதற்காகவா, அப்பாவுக்காகவா, தெரியாது. அந்த மனிதரை மட்டும் வெறுத்தேன். பணம் கேட்டு வாசலில் நிற்கிற மனிதனைப் போல ஒரு நாளும் ஆகக்கூடாது என்று என் உடம்பு அன்றே முடிவு செய்துவிட்டிருக்கிறது.

ஆலோசகர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த மனுஷன் என்ன தப்பு செஞ்சாரு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவர் கேட்டது அவருடைய பணத்தை. ஒரு சின்னப் பெண் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தும் அவளைச் சங்கடப்படுத்தாமல் போனார். முப்பது வருடமாக நான் வெறுத்த மனிதர் மரியாதையான மனிதர். பண்ணைக்காடு பிரிவு வளைவில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அப்பா மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

காரணம் புரிந்துவிட்டால் உடனே வாய் திறந்துவிடும் என்று நினைத்தேன். திறக்கவில்லை. அதற்கு ஒரு நோட்டு தேவைப்பட்டது.

ஆலோசகர் சொன்னபடி நாற்பது பக்க நோட்டில் மூன்று கட்டம். கேட்டால் என்ன நடக்கும் என்று நான் நினைப்பது, நூற்றுக்கு எவ்வளவு பயம், கேட்டபின் உண்மையில் நடந்தது. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையிலிருந்து வருகிறது இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வரவேண்டிய பாக்கிகளைச் சின்னதிலிருந்து பெரியதாக எழுதிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். முதல் படி, ஊறுகாய் வாங்கின பக்கத்து வீட்டு மதினி, 340 ரூபாய். "நாலு பேர்கிட்ட என்னைக் கேவலமாச் சொல்லுவாங்க" என்று முதல் கட்டத்தில் எழுதினேன். பயம் 60. நடந்தது: "அய்யோ, மறந்தே போச்சே" என்று 350 ரூபாயைக் கையில் திணித்தார். அடுத்தது மூஞ்சிக்கல்லில் ஒரு டீக்கடை, 1,900 ரூபாய். பாதி கொடுத்தார், மீதி வெள்ளிக்கிழமை என்றார், வெள்ளிக்கிழமை கொடுத்தார்.

மூன்றாவது படி சறுக்கியது. இன்னொரு கடையில், நாலு வாடிக்கையாளர் முன்னால் கடைக்காரர், "சீசன் இல்லாத நேரத்துல வந்து வாசல்ல நிக்கிறியே, பொம்பளைக்கு இவ்ளோ அவசரமா" என்றார். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நோட்டில் எழுதினேன்: "திட்டினார். பணம் வரவில்லை. அழுதேன். நாலாம் நாள் ஜாம் காய்ச்சினேன்." அதைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். நான் வருடக்கணக்காகப் பயந்தது இதற்குத்தான், அது நடந்தும் முடிந்துவிட்டது. அந்தக் கடையின் 11,200 ரூபாய் இன்றுவரை வரவில்லை.

நோட்டு கையில் வந்ததும் இன்னொன்றையும் எழுதிப் பார்க்கத் தைரியம் வந்தது. விலை. பத்துக் கிலோ பழம் 400, சர்க்கரை 360, சிட்ரிக் ஆசிட்டும் சில்லறையும் 20, கேஸ் 160, பாட்டிலும் மூடியும் 728, லேபிள் 156, இரண்டு அக்காக்களின் கூலி 900, ஆட்டோ 150. ஆக 2,874. அதில் கால் கிலோ பாட்டில் 52 வரும். பாட்டில் 65 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், 3,380 வரும். ஐந்நூறு ரூபாய் லாபம் என்று ஐந்து வருடமாக நினைத்திருந்தேன். "உங்க கூலி எங்க?" என்று ஆலோசகர் கேட்டார். நாளைக்கு 600 என்று எழுதினால் செலவு 3,474. அதாவது ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் 94 ரூபாய் கையை விட்டுப் போகிறது, அதுவும் இரண்டு மாதக் கடனில். கடையில் அதே பாட்டில் 120-க்கு விற்கிறது. விலையை 80 ஆக்கினேன். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவள் இல்லை நான். போட்டால் விலை ஏற்ற வேண்டிவரும், ஏற்றினால் கேட்க வேண்டிவரும், அதனால் போடவில்லை.

சட்டமும் அப்படித்தான். வங்கிக் கடனுக்காக 2021-ல் உத்யம் என்கிற, மத்திய அரசின் சிறுதொழில் பதிவை எடுத்து, லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தேன். பதிவு இலவசம். அந்தப் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வந்தாக வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்கிற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரியிலும் சேர்ந்துவிட்டது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையைச் சரக்கு வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். இதெல்லாம் எனக்காகவே இருந்தது. பீரோவைத் திறக்கத்தான் எனக்கு அவ்வளவு காலம் ஆனது.

அக்டோபரில் ஏழு ரோடு கடைக்குப் போனேன். பயம் 90 என்று எழுதிவிட்டுத்தான் போனேன். பையில் பில் நகல்களும் உத்யம் தாளும் இருந்தன. ஆலோசகர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்கியிருந்தார்: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் பழைய பழக்கம், கேட்ட மறு நொடியே "முடியலன்னா பரவால்லண்ணே" என்று நானே சேர்த்துவிடுவது.

"அண்ணே, ஜூன்லருந்து 47,000 நிக்குது. இந்த மாசம் எனக்கு அது வேணும்."

நிறுத்தினேன். கழுத்து எரிந்தது. அவர் கால்குலேட்டரைப் பார்த்தார். கடைப் பையன் சாக்லேட் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஒரு மூடியைத் திருகித் திருகிப் போட்டான். வெளியே ஒரு ஜீப் ரிவர்ஸ் எடுத்தது. "பரவால்லண்ணே" நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"இவ்ளோ ஆயிருச்சா? நீ கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

அன்று 20,000 கொடுத்தார். மீதியை 9,000 வீதம் மூன்று தவணையாகக் கொடுத்து முடித்தார். பை கடைசிவரை திறக்கவே இல்லை. 80 ரூபாய் விலையைச் சொன்னபோதுதான் முகம் சுளித்தார், ஆனால் இன்றும் வாங்குகிறார். ஒரு கடை என்னிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது முப்பது நாள் கடன் என்று பில்லிலேயே அச்சடித்துக் கொடுக்கிறேன். கேட்கும்போது கழுத்து இன்னமும் சுடத்தான் செய்கிறது, பயம் 25, 30 என்று எழுதுகிறேன். சட்டி போன வருடமும் ஒரு முறை அடிப்பிடித்தது. நானும் அக்காவும் சேர்ந்து தேய்த்தோம்.

போன மாதம் மதுரையிலிருந்து பாட்டில் சப்ளை செய்கிறவர் வீடு தேடி வந்தார். நான் அவருக்கு 6,500 ரூபாய் தரவேண்டியிருந்தது, கையில் அன்று அவ்வளவு இல்லை. பின்கட்டில் பழம் அரிந்துகொண்டிருந்தேன். வாசலில் அவர் குரலும் என் மகளின் குரலும் கேட்டன. அவளுக்கு ஒன்பது வயது. "அம்மா இருக்காங்க, உள்ள வாங்க மாமா" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, டீ போட்டுக் கொடுத்து, இருந்த 4,000-ஐக் கொடுத்தேன். மீதி எந்தத் தேதியில் வரும் என்று சொன்னேன். அவர் தன் சின்ன நோட்டை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார்.