ஒன்பது மணி போன்

எங்கள் வீடு செங்கோட்டையில். தாத்தா, ஆச்சி, பெரியப்பா குடும்பம், நாங்கள் என்று மொத்தம் 11 பேர். 23 வயது வரை நான் ஓர் அறையில் தனியாகத் தூங்கியதே கிடையாது. ஆச்சிக்கும் பெரியப்பா மகளுக்கும் நடுவில்தான் என் பாய். ராத்திரி விழிப்பு வந்தால் தாத்தாவின் இருமல் கேட்கும், யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து நடப்பது கேட்கும். அப்படியே மறுபடி தூங்கிவிடுவேன்.

2022 ஜூனில் வேலை கிடைத்துச் சென்னைக்குக் கிளம்பினேன். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட வீடே திரண்டு வந்தது. ராஜபாளையம் தாண்டுவதற்குள் அம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டாள்.

வேளச்சேரியில் மூன்றாவது மாடி அறை. முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. ஆகஸ்டில் ஒரு ராத்திரி, ஃபேன் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த அறையில், என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. கவனிக்கக் கவனிக்க வேகம் கூடியது. விரல்கள் மரத்தன. மூச்சு பாதியில் நின்றுவிடுவதுபோல் இருந்தது. செத்துவிடுவேன் என்றே நம்பினேன். அம்மாவைக் கூப்பிட்டேன். பேச ஆரம்பித்துச் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது.

அதற்கப்புறம் படபடப்பு எட்டிப் பார்த்தாலே கை போனுக்குப் போகும். பஸ் ஏறும்முன், குளிக்கப் போகும்முன், லிஃப்டுக்குள் நுழையும்முன். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், 14 தடவை பேசியிருந்தேன்.

முதலில் பார்த்த டாக்டர் ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றும் எடுக்கச் சொன்னார். தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் அந்தப் பரிசோதனைகள் தேவைதான். எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அதோடு, "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தால் மேலும் இரண்டு மாதம் வீணாகப் போனது.

நவம்பரில் ஒருநாள், ராத்திரி 2 மணிக்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிட்டேன். கட்டணம் கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எடுத்தவர் அவசரப்படாமல் கேட்டுவிட்டு, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். மறுவாரமே போனேன்.

இதற்கு பேனிக் அட்டாக் என்று பெயர், ஆபத்தில் ஓடித் தப்பிக்க உடம்பு அடிக்கும் மணி தேவையில்லாத நேரத்தில் அடிக்கிறது என்று அந்த மருத்துவர் விளக்கினார். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் விரல்கள் மரத்துப்போகின்றனவாம். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும் என்றார். தானாகவே! அது இறங்கும் நேரமும் அம்மாவின் குரல் கேட்கும் நேரமும் ஒன்றாக இருந்ததால், அம்மா இல்லாவிட்டால் இறங்காது என்று என் உடம்பு கற்றுவைத்திருந்தது.

மாத்திரை கொடுத்தார். முதல் வாரம் குமட்டலும் பதற்றமும் கூடுதலாகவே இருந்தன. அதை முன்பே சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் இருந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது. கூடவே உளவியல் ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை. படபடப்பு வந்ததும் போனை பீரோ மேல் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை பயத்துக்கு 10-க்கு எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் எழுதியது: 8, 9, 9, 9, 7, 7, 4. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். பிறகு, வேண்டுமென்றே மூன்று மாடியும் ஓடி ஏறி, நெஞ்சை அடிக்கவிட்டு, அதோடு சும்மா உட்காரும் பயிற்சி. அழுதுகொண்டே செய்திருக்கிறேன்.

வீட்டில் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பொங்கலுக்குப் போனபோது சொன்னேன். "உனக்கு இங்க என்னட்டி குறை வச்சோம்?" என்று அம்மா அழுதாள். குறையே வைக்கவில்லை என்பதை எப்படிப் புரியவைப்பது? கண் பட்டிருக்கும் என்று பெரியம்மா விபூதி போட்டுவிட அழைத்துப் போனார். போனேன். அவருக்குத் தெரிந்த வழியில் என்னைத் தாங்கிக்கொள்கிறார், அதை ஏன் தட்ட வேண்டும்?

அப்பா மளிகைக் கடைக்காரர். நோட்டைக் கொடு என்று வாங்கி, கணக்குப் பார்ப்பதுபோல் விரல் வைத்துப் படித்தார். "இந்த 9 எப்படி 4 ஆச்சு? யாரையும் கூப்பிடலையா?"

"இல்லப்பா. அதுவா இறங்கிடுச்சு."

வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே ஒரு ஏற்பாடு செய்தார். தினமும் ராத்திரி 9 மணிக்கு ஒரே ஒரு போன். நடுவில் தாங்க முடியாமல் நான் கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார். "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று சொல்ல மாட்டார். "எத்தனைல இருக்கு?" என்று மட்டும் கேட்டு, நான் சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்.

அம்மாவுக்கு இது என்னைவிடக் கடினமாக இருந்திருக்கிறது. சாயங்காலம் 7 மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள் என்று அக்கா சொன்னாள். பகலில் கூப்பிட்டுவிடக் கூடாது என்று போனை ஆச்சியிடம் கொடுத்து வைத்த நாட்களும் உண்டாம்.

இப்போது மாத்திரையின் அளவை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவருகிறார். போன மாதம் தாம்பரம் ரயிலில் ஒருமுறை வந்தது. டிக்கெட்டின் பின்பக்கம் 7, 8, 6, 5 என்று எழுதினேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி ஆபீஸ் போனேன். அன்று ராத்திரி 9 மணிக்கு அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "சரி, மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அப்புறம் கொல்லையில் முருங்கை காய்த்திருப்பதைப் பற்றி வெகுநேரம் பேசினாள்.