வரைபடத்தில் இல்லாத 9 மரங்கள்

எங்கள் கடைவீதியில் நடைபாதை வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. 9 மரங்களும் நிற்கின்றன. ஆனால் நான்காவது மரத்தைக் கடக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்காமல் போக முடியவில்லை. அதற்கு நடந்ததைத் தடுத்திருக்கலாம் என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது. உங்கள் தெருவிலும் இப்படி வேலை வரப்போகிறது என்றால் இதைப் படித்துவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விளக்குக் கம்பம், மழைநீர் வடிகால், கேபிள் குழாய் எல்லாம் இருந்தன. மரம் ஒன்றுகூட இல்லை. வடிகால் கோடு நேராக மரங்களின் காலடியிலேயே ஓடியது. மனு எழுதிக்கொண்டு அலுவலகம் போனேன். வாங்கிப் பார்த்தவர், "மரத்தை வெட்டணும்னா படிவம் இருக்கு. வெட்டாம இருக்க எதுக்கு மனு?" என்று திருப்பிக் கொடுத்தார். மரம் வேறு பிரிவு என்றார்கள். அந்தப் பிரிவில் கேட்டால், வேலை நடப்பது சாலையில், அங்கேயே கேளுங்கள் என்றார்கள். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாவது தடவை வெறும் மனுவோடு போகவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணக்கட்டியால் எண் போட்டு, நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டரில், சுற்றளவை அளந்து, படம் எடுத்து, ஒரே தாளில் அட்டவணையாக்கினேன். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஒரே கடிதம். இரண்டு இடத்திலும் ஒப்புகை வாங்கினேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வேலை தொடங்கிய பிறகு இதையெல்லாம் கேட்டால் ஒப்பந்தத்தில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் இயந்திரம் வருவதற்கு முன்பே மரங்கள் வரைபடத்தில் ஏறிவிட வேண்டும்.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவர் கேட்டார். பிரிட்டனில் இதற்கென்றே இருக்கும் பி.எஸ். 5837 என்ற தரநிலை, தண்டின் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப்பகுதியைக் காக்கச் சொல்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 4.8 மீட்டர். விட்டத்தை அளப்பது சிரமம் என்றால் நாடாவால் சுற்றளவை எடுத்துக் கிட்டத்தட்ட 4 மடங்காக்கினால் போதும். கடைவீதியில் அவ்வளவு இடம் ஏது? வேலி போட முடிந்த இடத்தில் வேலி, மற்ற இடத்தில் கையால் தோண்டுவது என்று முடிவானது. ஏழாவது மரத்தருகே வடிகாலைச் சற்று வளைத்தே கொண்டுபோக ஒப்புக்கொண்டார். அன்று மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, மேற்பார்வையாளர் கிளம்பிய பிறகு, நான்காவது மரத்தின் வேலியை நகர்த்திவிட்டுப் பொக்லைனை இறக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு ஓடினேன். மணிக்கட்டுப் பருமனுள்ள வேர் ஒன்று பள்ளத்தின் ஓரத்தில் பிய்ந்து தொங்கியது. பட்டை ஒரு முழத்துக்கு உரிந்து, உள்ளே வெள்ளையாக ஈரம் மின்னியது. பச்சை வாசனையும் மண் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. "ஆழத்துல இன்னும் வேர் இருக்கும் சார், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் ஓட்டுநர். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் இது தவறான நம்பிக்கை. மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேலே உள்ள 60 செ.மீ. மண்ணிலேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கின்றன. நடைபாதைக்குத் தோண்டும் ஆழமும் அதுதான்.

பிய்ந்த வேரை அப்படியே விடக்கூடாது. கூரான ரம்பத்தால், பிய்ந்த இடத்துக்குச் சற்று உட்புறமாக நேராக வெட்டினோம். நனைத்த சணல் சாக்கைப் போர்த்தி, இருட்டுவதற்குள் மண்ணைத் தள்ளி மூடினோம். தார் பூசலாம் என்றார் மேஸ்திரி. வேண்டவே வேண்டாம் என்றேன், அதனால் காயம் ஆறாது. வேர் போனதால் கிளைகளையும் கழித்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். புது வேர் விட மரத்துக்கு இலைதான் சோறு போடுகிறது. காய்ந்த கிளையைத் தவிர எதையும் தொட விடவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். சிமென்ட் கலவை கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்ற விடாதீர்கள், அது மண்ணைக் காரமாக்கிவிடும். ஜல்லியையும் அங்கே கொட்ட விடாதீர்கள். மண் இறுகினால் காற்றும் நீரும் உள்ளே இறங்காது. இதனால் வரும் சேதம் உடனே கண்ணுக்குத் தெரியாது. உச்சிக் கிளைகள் காய்வதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம், ஒப்பந்தக் காலமோ அதற்குள் முடிந்துவிடும். அதனால் படங்களைத் தேதியோடு வைத்திருக்கிறேன்.

கடைசியில் மரத்தைச் சுற்றிப் போட இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கின. எல்லாவற்றிலும் ஒரே அளவு ஓட்டை. ஆறாவது மரத்தில் வைத்துப் பார்த்தால் தண்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையவில்லை. இரண்டு வருடத்தில் இரும்பு பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். பொறியாளரைக் கையோடு கூட்டிவந்து அந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாளே வெல்டிங்காரர் வந்து 9 சட்டங்களிலும் உள்வளையத்தை வெட்டி எடுத்தார். இப்போது அங்கே சருகும் மரச்சீவலும் பரப்பி, தண்டை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறேன். நான்காவது மரத்துக்கு வாரம் இரண்டு தடவை மெதுவாகத் தண்ணீர் விடுகிறேன். போன வாரம் அதன் தெற்குக் கிளையில் செந்நிறத்தில் துளிர் வந்திருக்கிறது.