பரிமாணக் கணக்கு: எழுத்துகளை விடுங்கள், மூன்று எண்களைப் பிடியுங்கள்

பிளஸ் ஒன் இயற்பியலின் முதல் பாடத்தில் வரும் பரிமாணப் பகுப்பாய்வு (ஒரு அளவில் நிறை, நீளம், காலம் எந்தெந்த அடுக்கில் இருக்கின்றன என்று பார்ப்பது) கடினமான பகுதி இல்லை. ஆனாலும் மதிப்பெண் கைநழுவும், ஏதோ ஒரு அடுக்கில் கழித்தல் குறி மாறிப்போவதால். M, L, T என்ற எழுத்துகளின் தலைமேல் பொடியாக அடுக்கு எழுதும் வழக்கம்தான் இதற்குக் காரணம். அதற்குப் பதில் நிறை, நீளம், காலம் என்ற வரிசையில் அடுக்குகளை மட்டும் எழுதுங்கள்: விசை (1, 1, −2), ஆற்றல் (1, 2, −2), அழுத்தம் (1, −1, −2). பெருக்கல் வந்தால் கூட்டல், வகுத்தல் வந்தால் கழித்தல். அவ்வளவுதான்.

ஈர்ப்பு மாறிலி வேண்டுமா? விசையோடு தொலைவின் இருமடியைக் கூட்டி, நிறையின் இருமடியைக் கழியுங்கள்: (1, 1, −2) + (0, 2, 0) − (2, 0, 0) = (−1, 3, −2). பிளாங்க் மாறிலி, ஆற்றலை அதிர்வெண்ணால் வகுத்தது: (1, 2, −2) − (0, 0, −1) = (1, 2, −1). கோண உந்தத்துக்கும் இதேதான். ‘பொருத்துக’ வினாவுக்கு வாகான ஜோடி. பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை.

அலகு மாற்றத்திலும் இந்த எண்களே உதவும். எஸ்.ஐ.யிலிருந்து (கிலோகிராம், மீட்டர், நொடி) சி.ஜி.எஸ்.க்குப் (கிராம், சென்டிமீட்டர், நொடி) போகும்போது நிறைக்கு 1000, நீளத்துக்கு 100, காலத்துக்கு 1. அவற்றுக்கு அந்தந்த அடுக்கைப் போட்டுப் பெருக்குங்கள். ஜூல் → எர்க்: 1000 × 100² = 10⁷. ஈர்ப்பு மாறிலி: 1000⁻¹ × 100³ = 1000; எனவே 6.67 × 10⁻¹¹ என்பது 6.67 × 10⁻⁸ ஆகும். விகிதத்தைத் தலைகீழாகப் போடுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். சந்தேகம் வந்தால் நியூட்டன் → டைன் போட்டுப் பாருங்கள், 10⁵ வர வேண்டும். 10⁻⁵ வந்தால் கவிழ்த்துவிட்டீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. சைன், அடுக்குச் சார்பு, மடக்கை ஆகியவற்றுக்குள் இருப்பது மொத்தமாக (0, 0, 0) ஆக வேண்டும். அலைச் சமன்பாட்டுக் கணக்குகளில் பாதி இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும். கோணத்துக்கு ரேடியன் என்ற அலகு உண்டு, பரிமாணம் கிடையாது. ‘5-ஆவது நொடியில் கடந்த தொலைவு’ சூத்திரம் பரிமாணப்படி தவறுபோலத் தெரியும்: இடப்புறம் நீளம், வலப்புறம் தொடக்கத் திசைவேகம். தவறில்லை. வலப்புறம் முழுவதையும் பெருக்கும் ‘1 நொடி’, எண் 1 என்பதால் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது.

சூத்திரம் வருவிக்கும் வினாவுக்கு ஸ்டோக்ஸ் விதியை (பாய்மத்தில் நகரும் கோளத்தைத் தடுக்கும் விசை) எடுத்துக்கொள்வோம். பாய்மத்தின் பிசுபிசுப்பைச் சொல்லும் பாகியல் எண் (1, −1, −1), ஆரம் (0, 1, 0), திசைவேகம் (0, 1, −1) மூன்றும் சேர்ந்து விசை (1, 1, −2) ஆக வேண்டும். நிறையில் தொடங்குங்கள்: அது பாகியல் எண்ணில் மட்டுமே இருப்பதால் அதன் அடுக்கு உடனே 1. அடுத்து காலம்: திசைவேகத்துக்கு 1. நீளத்தைக் கடைசிக்கு வையுங்கள், ஆரத்துக்கும் 1 வந்துவிடும். நீளத்தில் தொடங்கினால் மூன்று தெரியாதவை ஒரே வரியில் நின்று குழப்பும். 6π இம்முறையில் வராது. அது எண், அதை விடையில் திணிக்காதீர்கள்.

பாய்மத்தின் அடர்த்தியையும் (1, −3, 0) சேர்த்தால் முறை முட்டி நிற்கும். ஏன்? ஒவ்வொரு அளவும் மூன்று எண்கள், அதாவது முப்பரிமாண வெளியில் ஒரு வெக்டர். கணிதத்தில் படிக்கும் பரிமாணமும் இயற்பியலின் பரிமாணமும் சந்திக்கும் இடம் இது. முப்பரிமாண வெளியில் நான்கு வெக்டர்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்க முடியாது. சமன்பாடு மூன்று, தெரியாதவை நான்கு. ஒன்று தீராமல் மிஞ்சும். அப்படி மிஞ்சுவதுதான், பாய்ம ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்: அடர்த்தி, திசைவேகம், ஆரம் மூன்றையும் கூட்டி, பாகியல் எண்ணைக் கழித்துப் பாருங்கள், (0, 0, 0) வரும்.