383இலிருந்து 828 வரை

மொன்றியலில் இருக்கும் சித்தி வீட்டுக்கு நாங்கள் இரண்டு முறை காரில் போயிருக்கிறோம். அதே கார், அதே 401ஆம் இலக்க நெடுஞ்சாலை, அதே நாலு பேர்: நான், கணவர், மகன், மாமி. முதல்முறை ஒன்பதே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இரண்டாம்முறை ஏழு மணித்தியாலம். இரண்டாம்முறை நாங்கள் வேகமாக ஓடவில்லை. வழியில் கனநேரம் நின்று நின்றுதான் போனோம். புதிதாக வந்து, கார் வாங்கி, மொன்றியலுக்கோ ஒட்டாவாவுக்கோ போக யோசிக்கிற ஆட்களுக்கு இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வளர்ந்த காலத்தில் பயணத்துக்குத் திட்டம் போடுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர் அளவில்தான். ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பாதை திறந்திருக்குதோ என்றுதான் கேட்பார்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, திரும்ப ஏறும்வரைக்கும் நேரம் எங்கள் கையில் இல்லை. 2006 ஆவணியில் அந்த ஏ9 பாதையைப் பூட்டினபிறகு கப்பலுக்கும் பிளேனுக்கும் பாஸ் கிடைக்கக் காத்திருந்தோம். அப்படி வந்த எனக்கு, ஒருவரும் மறிக்காத ஒரு பாதை கண்ணுக்கு முன்னால் கிடந்தபோது, ஏறினால் போய்விடலாம் என்றுதான் பட்டது. போனில் அடித்துப் பார்த்தோம். நாங்கள் இருக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் என்றது. சரி, வெளிக்கிடுவோம் என்று வெளிக்கிட்டுவிட்டோம்.

அது மே மாதம், விக்டோரியா நாள் நீண்ட வாரஇறுதி. நானும் மகனும் கனடாவுக்கு வந்து எட்டு மாதம். மாமி, பெற்றோர் நீண்டகாலம் தங்கிப்போகிற சுப்பர் விசாவில் வந்து ஆறு கிழமை. கணவர் வியாழன் இரவு வேலை முடித்து, வெள்ளி காலை நாலு மணித்தியாலம் படுத்துவிட்டு எழும்பினார். பின்னேரம் மூன்றரைக்கு மார்க்கம் வீதியில் 401இல் ஏறினோம். ரொறன்ரோவில் பாதிச் சனம் அதே நேரத்தில்தான் கிழக்குப் பக்கம் வெளிக்கிட்டிருக்க வேண்டும். பிக்கரிங், ஏஜக்ஸ், விற்பி எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து, ஒஷாவா தாண்டவே இரண்டே கால் மணித்தியாலம் போய்விட்டது. அந்த இழந்த நேரத்தைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், நிற்க வேண்டிய இடங்களில் நிற்காமல் விட்டோம். மாமி வாய் திறக்கவில்லை. பின்சீற்றில் இருந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. “கால் நோகுதோ மாமி?” என்றால், “இல்லைப் பிள்ளை, நீங்கள் போங்கோ” என்பா.

கனனோக்வே தாண்டி இருட்டின பிறகு அந்தச் சத்தம் வந்தது. சாலையின் ஓரத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களில் சில்லு ஏறினால் வருகிற உறுமல். கார் முழுக்க அதிர்ந்தது. கணவர் ஸ்ரியறிங்கை இழுத்து நேராக்கினார். பத்துச் செக்கனுக்கு ஒருவரும் கதைக்கவில்லை. “கண் அயர்ந்துபோச்சு” என்று அவர் மெல்லச் சொன்னார். அந்தப் பள்ளங்கள் வெட்டப்படாத சாலையாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என்னிடம் அப்போது ஜீ1 என்கிற பழகுநர் உரிமம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உரிமம் பெற்ற பயிற்றுநர் இல்லாமல் 401 மாதிரியான 400 தொடர் நெடுஞ்சாலைகளில் ஓட்ட முடியாது. அதனால் மாற்று ஆள் இல்லை. மலோரிடவுன் சேவை நிலையத்தில் காரை நிறுத்தி, சீற்றைச் சாய்த்து அவரைப் படுக்க விட்டோம். சித்தி வீட்டுக் கதவைத் தட்டும்போது இரவு ஒன்றேகால். மொன்றியலின் பழைய வீடுகளில் மாடிப்படி வெளியே, இரும்பில், வளைந்து ஏறும். மாமியால் அதில் கால் வைக்க முடியவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது. கணவரும் சித்தப்பாவும் இரண்டு பக்கமும் பிடித்து, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் மேலே போனார்கள்.

அடுத்த வருடம் புரட்டாதியில் திரும்பப் போவது என்று முடிவானதும், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தேன். முதல் எழுதியது தூரத்தையோ நேரத்தையோ அல்ல. காரில் இருக்கப்போகிற நாலு பேரையும் எழுதினேன். மாமிக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி நடக்கவேண்டும். மகனுக்கு வயிற்றைப் பிரட்டும், வெறுவயிற்றிலும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. கணவருக்கு முதல்நாள் இரவு முழு நித்திரை வேண்டும். எனக்கு இப்போது அடுத்த படியான ஜீ2 உரிமம் இருக்கிறது. பயிற்சி வகுப்பு முடித்திருந்ததால் பன்னிரண்டு மாதத்துக்குப் பதிலாக எட்டு மாதத்திலேயே பரீட்சைக்குப் போக முடிந்தது. ஆனால் நகர நெரிசலுக்குள் நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம். இந்த நாலையும் எழுதினபிறகு பயணம் தன்பாட்டில் உருவெடுத்துவிட்டது.

சித்தி மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொன்னா. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டே முக்காலுக்கு அங்கே நிற்கவேண்டும். ஓட்டம் ஐந்தரை மணித்தியாலம், நிற்கிற நேரம் ஒன்றரை. அப்படியென்றால் விடியப்புறம் ஐந்தே முக்காலுக்கு முன்னால் கார் நகரவேண்டும். சனிக்கிழமை அந்த நேரத்தில் ஒஷாவா வரைக்கும் சாலை கிட்டத்தட்ட வெறுமை. கணவர் வெள்ளி இரவு வேலையை வேறொருவருடன் மாற்றிக்கொண்டார். அந்த ஒரு மாற்றம்தான் முழுத் திட்டத்திலும் பெரிய விஷயம் என்பேன். வேலையைக் கேட்டு மாற்றத் தயங்கி, நித்திரையை விட்டு ஓடுகிற ஆட்கள் எங்கள் சனத்துக்குள் நிறையப்பேர்.

401இல் ஒரு நல்ல வசதி இருக்கிறது. வெளியேறும் பாதைகளின் இலக்கங்கள் 1, 2, 3 என்று வரிசையாகப் போவதில்லை. மேற்கே வின்ட்ஸர் பக்கம் சாலை தொடங்கும் இடத்திலிருந்து எத்தனையாவது கிலோமீற்றர் என்பதுதான் இலக்கம். நாங்கள் ஏறுகிற மார்க்கம் வீதி 383. கிங்ஸ்டனில் டிவிஷன் வீதி 617. கழித்தால் 234 கிலோமீற்றர். கோர்ன்வோல் 789. கியூபெக் எல்லை 828க்குக் கிட்ட. போனில் சிக்னல் போனாலும் பலகையைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். நான் கொப்பியில் மூன்று நிறுத்தம் குறித்தேன்: ட்ரென்டன் சேவை நிலையம், கிங்ஸ்டன், கோர்ன்வோல். மகனுக்கு அந்தக் கழித்தல் கணக்கையே வேலையாகக் கொடுத்தேன். 497இல், கோல்போர்னில், நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிற பெரிய சிவப்பு அப்பிள் வரும் என்று சொல்லிவைத்ததில், அதுவரைக்கும் வயிற்றைப் பற்றிய நினைப்பே அவனுக்கு வரவில்லை.

கிங்ஸ்டனில் நெடுஞ்சாலையை விட்டு இறங்குவது நேரம் வீண் என்று கணவர் முதலில் சொன்னார். இறங்கினது நல்லதாகப் போயிற்று. 1841 முதல் 1844 வரை அந்தக் காலத்துக் கனடா மாகாணத்தின் தலைநகரமாக இருந்த ஊர் அது. நகரமண்டபத்துக்கு முன்னால் பூங்கா, அதற்கு அப்பால் ஒன்ராறியோ ஏரி. வுல்ஃப் தீவுக்குப் போகிற ஃபெரி அங்கேயிருந்துதான் வெளிக்கிடும். மாமி வாங்கில் இருந்து, ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டு, ஃபெரி நகர்ந்து போவதையும் தூரத்தில் தீவில் சுழலும் காற்றாலைகளையும் பார்த்தா. “குறிகட்டுவானிலை நிண்டு நயினாதீவுக்குப் போற போட்டைப் பாக்கிறமாதிரிக் கிடக்கு” என்றா. கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் இந்த நாட்டில் ஒரு இடத்தை ஊரோடு ஒப்பிட்டு மாமி சந்தோஷமாகக் கதைத்தது அதுதான் முதல்தரம். பத்து நிமிடம் கூடுதலாக இருந்தோம். அதற்குத் திட்டத்தில் இடம் இருந்தது.

அங்கிருந்து நான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் சேருகிற அந்தச் சில செக்கன்தான் எனக்குப் பெரிய பயம். ஊரில் பயமென்றால் வேகத்தைக் குறைப்போம். இங்கே சேரும் பாதையில் மெதுவாகப் போவதுதான் ஆபத்து. பாதை முடியும்போது மற்ற வாகனங்களின் வேகத்தில் நாங்களும் இருக்கவேண்டும் என்று என் பயிற்றுநர் அக்கா திரும்பத் திரும்பச் சொல்லித் தந்திருந்தா. காலை அழுத்தி நூறைத் தொட்டு, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, ஒரு பெரிய ட்ரக்குக்குப் பின்னால் நுழைந்தேன். “சரி, நல்லாச் செய்தீர்” என்றார் கணவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓட்டும்போது அவர் கண்ணை மூடினது அதற்கு முன் நடந்ததில்லை.

கோர்ன்வோலில் காஸ் நிரப்பினோம். கியூபெக்கில் பெரும்பாலும் விலை கூட. எல்லை தாண்டினால் அதே சாலைக்கு 20 என்று பெயர் மாறி, இலக்கங்கள் திரும்பச் சின்னதிலிருந்து தொடங்கும். பலகைகளில் பிரெஞ்சு மட்டும்தான். ‘சோர்த்தி’ என்றால் வெளியேறும் பாதை, ‘எஸ்ற்’ கிழக்கு, ‘வெஸ்ற்’ மாதிரிக் கேட்கிற ‘உவெஸ்ற்’ மேற்கு, நிற்கச்சொல்லும் பலகையில் ‘அறே’. இந்த நாலு சொல்லையும் முதல்நாள் இரவே எழுதி மகனுக்குக் கொடுத்திருந்தேன், அவன் வாசித்துக்கொண்டே வந்தான். வோட்ருயில் பக்கம் 20ஆம் இலக்கச் சாலை ஊருக்குள் நுழைந்து, சிவப்பு விளக்குகளில் நிற்கவைக்கும். நெடுஞ்சாலை என்று நினைத்து அதே வேகத்தில் வரக்கூடாது. மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பவும் முடியாது. ஒன்ராறியோவில் நின்று பார்த்துத் திரும்பிப் பழகின கால் தானாகவே பிரேக்கை விடப் பார்க்கும்.

பிள்ளைகள் இருக்கிறவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு விஷயம். மகனுக்கு எட்டு வயது முடிந்திருந்தது. ஒன்ராறியோச் சட்டப்படி, பிள்ளையை உயர்த்தி இருத்துகிற பூஸ்ரர் சீற் இனித் தேவையில்லை என்று கழற்றிக் கராஜில் வைத்திருந்தோம். கியூபெக்கில் ஒன்பது வயது, அல்லது 145 சென்ரிமீற்றர் உயரம் வரைக்கும் அது கட்டாயம். பயணத்துக்காகத் திரும்ப எடுத்துப் பூட்டினோம். பிறகு யோசித்தேன், அதில் இருக்கும்போது பெல்ற் கழுத்தில் வெட்டாமல் தோளில் நிற்கிறதென்றால் சட்டம் விட்டாலும் நாங்கள் ஏன் கழற்றவேண்டும்? இப்போதும் அது காரில்தான் இருக்கிறது.

கடுதாசிகளும் ஒரு உறையில் போட்டேன். மாமியின் சுப்பர் விசாக் காப்புறுதிப் பத்திரம், மருந்துச் சீட்டுகள். ஓஹிப் என்கிற எங்கள் ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி அட்டைகள். ஓஹிப் இருக்கென்று கியூபெக்கில் எல்லா டொக்டரிடமும் காட்டிவிட்டு வர முடியாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மாகாணங்களுக்கிடையில் ஒப்பந்தம் இருந்தாலும், டொக்டர் கட்டணத்துக்கான ஒப்பந்தத்தில் கியூபெக் இல்லை. அதனால் கையிலிருந்து கட்டிவிட்டு, பற்றுச்சீட்டை வைத்து இங்கே வந்து திரும்பக் கேட்கவேண்டி வரலாம். வெளிக்கிடும் முன் 511 என்கிற சாலைத் தகவல் சேவையையும் பார்த்தேன். ஒன்ராறியோவுக்கும் கியூபெக்குக்கும் இரண்டுக்குமே அதே இலக்கம்தான், சாலை வேலை, விபத்து, பனிகாலத்தில் சாலையின் நிலை எல்லாம் வரும். மார்கழி, தையில் இந்தப் பயணம் என்றால் நான் இதே நேரக் கணக்கைப் போடமாட்டேன். பனிச் சில்லு, மைனஸ் 35 தாங்கும் கண்ணாடிக் கழுவுநீர், போர்வை, சவள் எல்லாம் ஏற்றினாலும், பனிப்புயல் எச்சரிக்கை இருந்தால் போகமாட்டேன். சித்தி எங்கேயும் ஓடிப்போகமாட்டா.

பன்னிரண்டு நாற்பதுக்கு சித்தி வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். சித்தப்பா போனமுறை மாதிரி நினைத்து, மாமியைப் பிடிக்கப் படியால் ஓடி இறங்கி வந்தார். மாமி கதவைத் திறந்து தானே இறங்கினா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரும்புக் கம்பியை ஒரு கையால் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கினா. வளைவில் ஒருக்கால் நின்று மூச்சு எடுத்தா. பிறகு கீழே நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்து, “அந்த ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வா பிள்ளை, திரும்பிப் போகேக்கையும் அந்த வாங்கிலை இருக்கவேணும்” என்றா.